குறிப்பு: ஒரு வரி அடிக்கப்பட்டுள்ளது

தக்கலையில் மழை.
அடித்தளத்து அறைக்கு அது தெரியாது.
ஏசி சொட்டும் வாளியின் சத்தம்தான்
இங்கே மழை.
கதவில் 'அரிய சேகரிப்புப் பிரிவு' என்று பலகை.
பேனா கூடாது, தண்ணீர் கூடாது,
ஈரக்கை கூடாது.
பெட்டிக்கு நூற்றிருபது ரூபாய் எனக்கு.

நாற்பத்தொன்றாம் பெட்டி குளச்சலிலிருந்து வந்தது.
சாலையை அகலமாக்க வீட்டை இடித்தவர்கள்
மச்சில் கிடந்ததை அப்படியே
சிமெண்ட் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார்கள்.
நூலகர் டெல்பின் ஷீலா இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.
"ஓலைச்சுவடி உண்டா? டச்சுக்காரன் வரைபடம்?"

எடுத்து வைத்தேன்:
மண்ணெண்ணெய் ரசீது நூற்றுப் பன்னிரண்டு,
ஏதோ கல்யாணப் பந்தலின் கூலிக் கணக்கு,
சட்டையைத் தொலைத்த ஒரு காக்கிக் காலர்,
பிறகு
உப்பேறி அப்பளம்போல் நெளிந்த நான்கு பேரேடுகள்.
உதட்டைச் சுழித்துப் போய்விட்டார்.

துறைமுகத்து விளக்குமரத்தின் தினக்குறிப்பு.
எழுதியவர் மா. வேதமாணிக்கம், விளக்குக்காரர்.
கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றேழு, ஆவணி ஒன்று முதல்.

காற்று மேற்கு. கடல் கலக்கம்.
எண்ணெய் ஒரு படி. விளக்கு எரிந்தது.

மறுநாளும்
காற்று மேற்கு. கடல் கலக்கம்.
எண்ணெய் ஒரு படி. விளக்கு எரிந்தது.

முந்நூற்றுச் சொச்சம் நாள் இதையே படித்தேன்.
கார்த்திகையில் காற்று வாடைக்குத் திரும்பியபோது
சம்பளம் கூடியதுபோல் இருந்தது.
தை மாதம் ஒரு நாள், ஓரத்தில்,
'திரி படுமோசம்.'
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
மனுஷனுக்குக் கோபம் வரும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆடி பதினொன்று.
காற்று தென்மேற்கு. கடல் கொந்தளிப்பு. எண்ணெய்
அவ்வளவுதான். மீதி கறுப்புப் பட்டை.
ஒரு முறை அடித்து, திரும்ப அடித்து,
இன்னொரு நாள் வந்து
நீல மையால் மூன்றாம் முறையும் அடித்து,
ஓரிடத்தில் தாளே கிழிந்திருந்தது.

கப்பல் உடைந்ததா? யாராவது செத்தார்களா?
கையுறைக்குள் விரல் வியர்க்க அடுத்த பக்கம் புரட்டினேன்.
காற்று மேற்கு. கட்டுமரம் எல்லாம் கரை சேர்ந்தது.
அதுவரை ஒரு கட்டுமரத்தைக்கூட
அவர் எழுதியதில்லை.
'எல்லாம்' என்பதற்குக் கீழே ஒரு கோடு.

தாளைக் கவிழ்த்து ஒளிமேசையில் பரப்பினேன்.
மை மறைக்கலாம், நிப்பு கீறியது கீறியதுதான்.
முதுகுப்புறத்தில்
இடவலம் மாறி நின்றன எழுத்துகள்,
குளித்துவிட்டு வெட்கப்பட்டவைபோல.
ஒவ்வொன்றாகப் பென்சிலில் பெயர்த்தேன்.
முதலில் ஒரு ஒ.
அரைமணி நேரம் கழித்து ற.
பிறகு மற்றவை தாமே வந்தன.

ஒறங்கிப் போனேன்.

இவ்வளவுதான்.
பெட்டி முழுக்க இவ்வளவுதான்.

போன மாதம் இதே மேசையில் நான் கண்ணசந்ததைக்
கேமரா பார்த்துவிட்டது.
விளக்கக் கடிதம் கேட்டார்கள்.
'தலைவலி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
எனக்குத் தலைவலி வந்ததே இல்லை.

ஐந்து மணிக்கு டெல்பின் மேடம் பையோடு வந்தார்.
"ஏதாவது பொக்கிஷம் கெடச்சுதா?"
"ஒண்ணுமில்ல மேடம்.
காத்தும் எண்ணெயும்தான்."

படிவத்தை நிரப்பினேன்.
நிலை: உப்புக் கறை, ராமபாணத் துளைகள்.
குறிப்பு: ஒரு வரி அடிக்கப்பட்டுள்ளது.
வாசிக்க இயலவில்லை.
என் பென்சில் எழுத்தை அழித்து,
ரப்பர் தூளைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டேன்.
பேரேட்டுக்குப் புது உறை போட்டு
வெள்ளை நாடா கட்டினேன், தளர்வாக.

நாகர்கோவில் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது.
வில்லுக்குறி தாண்டும்வரை மழை பார்த்தேன்.
பார்வதிபுரத்தில் இறங்க வேண்டியவள்.
வடசேரியில் நடத்துநர் கம்பியில் தட்டி எழுப்பினார்,
பேருந்தில் வேறு யாருமில்லை.